டிசம்பர் 13 இரவை எனக்குக் கொடு

பாப்பா,

போனில் நீ சிரித்துக்கொண்டுதான் சொன்னாய், ஆனால் குரலில் ஏமாற்றம் இருந்தது. "மணிக்கு நூறு எரிநட்சத்திரம்னு செய்தியில போட்டிருந்தாங்க. பால்கனியில கால் மணி நேரம் நின்னேன், ஒண்ணுகூட விழலப்பா." அந்தக் கால் மணி நேரத்தில் எத்தனை தடவை மொபைலைப் பார்த்தாய் என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் உனக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த நூறு பொய் இல்லை. வானம் கும்மிருட்டாக இருந்து, அவை கிளம்பி வருவதுபோலத் தெரியும் இடம் நேர் உச்சியிலும் இருந்தால் எத்தனை தெரியும் என்று போட்ட கணக்கு அது. தெருவிளக்கு வெளிச்சத்தில் அதில் பத்தில் ஒன்று கண்ணில் பட்டாலே அதிர்ஷ்டம்.

சின்ன வயதில் ஒரு இரவு, "இப்படியே விழுந்துக்கிட்டிருந்தா நட்சத்திரமெல்லாம் தீர்ந்துடாதா?" என்று கேட்டாய். தூக்கக் கலக்கத்தில் "தீராது, படு" என்று சொல்லிவிட்டேன். பதில் பாதிதான் சரி. விழுவது நட்சத்திரமே இல்லை, பெரும்பாலும் மணல் பருக்கை அளவுத் தூசி. வால்நட்சத்திரம் என்பது பனியும் தூசியும் சேர்ந்த ஒரு கட்டி. சூரியனை நெருங்கும்போது பனி ஆவியாகும், கூடவே தூசியும் கிளம்பும். மணல் ஏற்றிப் போகும் லாரி வழியெல்லாம் சிந்திக்கொண்டே போகிற மாதிரி, அது போன பாதை நெடுகத் தூசி பரவிக் கிடக்கும். பூமியின் பாதை அதைக் குறுக்கே வெட்டும் இடத்துக்கு நாம் வருடா வருடம் அதே தேதி வாக்கில் வந்து சேருகிறோம். அதனால்தான் ஏப்ரல் 22, ஆகஸ்ட் 12, நவம்பர் 17 என்று இந்த விண்கல் மழைகளுக்கு நாள் குறித்துவைக்க முடிகிறது. ஆகஸ்டில் வரும் பெர்சீட் மழைத் தூசியைச் சிந்தியது ஸ்விஃப்ட்-டட்டில் என்ற வால்நட்சத்திரம். அது 133 வருடத்துக்கு ஒருமுறை வரும், கடைசியாக 1992இல் வந்தது.

தூசி நொடிக்கு முப்பது கிலோமீட்டர், எழுபது கிலோமீட்டர் வேகத்தில் காற்றில் மோதுகிறது. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே சூடேறி ஆவியாகிவிடும். நாம் பார்க்கும் கோடு அதுதான். தரைக்கு ஒன்றும் வந்து சேராது.

ஆனால் தூசி தீரும், பாப்பா. பியலா என்று ஒரு வால்நட்சத்திரம் இருந்தது. 1846இல் இரண்டாக உடைந்து தெரிந்தது, 1852க்குப் பிறகு ஆளையே காணோம். 1872 நவம்பரில் அதன் பாதையைப் பூமி கடந்தபோது மணிக்கு ஆயிரக்கணக்கில் கொட்டியது. இப்போது அந்த மழை பெயருக்குத்தான்.

1986இல் ஹாலி வால்நட்சத்திரம் வந்தபோது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டே கோட்டை விட்டவன் நான். அடுத்து 2061. அப்போது நீ பாட்டியாகியிருப்பாய், என் கதை எதற்கு. ஆனால் அது முன்பு சிந்திய தூசியைப் பூமி வருடத்தில் இரண்டு தடவை கடக்கிறது, மே முதல் வாரத்திலும் அக்டோபர் 21 வாக்கிலும். அக்டோபரில் விடியற்காலையில் எழுந்து மாடிக்குப் போவேன். ஐந்தாறு தேறும். உன் அம்மா கழுத்து வலிக்கிறது என்று பத்து நிமிடத்தில் இறங்கிவிடுவாள்.

ஏன் விடியற்காலை என்று கேட்பாய். ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு வருவாயே, ஞாபகம் இருக்கிறதா? மழை உன் முகத்தில்தான் அறையும், பின்னால் உட்கார்ந்த அம்மா அவ்வளவாக நனைய மாட்டாள். நள்ளிரவுக்குப் பிறகு, பூமி ஓடும் திசைக்கு நாம் முன்பக்கமாகத் திரும்பிவிடுகிறோம். தூசி அதிகம் மோதுவது அந்தப் பக்கம்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரே இரவில் நீ அங்கேயும் நான் இங்கேயும் பார்க்க வேண்டும். ஜனவரி 3, 4இல் வரும் குவாட்ரான்டிட் நமக்கு ஒத்துவராது. அதன் உச்சம் சில மணி நேரம்தான், அந்த நேரத்தில் நம் இருவரில் ஒருவருக்குப் பகலாக இருந்தால் போச்சு. நவம்பர் லியோனிட் 1833இல் வட அமெரிக்காவையே தூங்கவிடாமல் அடித்தது, ஆனால் சாதாரண வருடங்களில் மணிக்கு பத்துப் பதினைந்துதான்.

டிசம்பர் 13, 14 ஜெமினிட்தான் சரி. அதன் உச்சம் கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க நிற்கும். உனக்கு இரவு வரும்போதும் கிடைக்கும், எனக்கு வரும்போதும் கிடைக்கும். இரவு பத்து மணிக்கே தொடங்கிவிடலாம், இரண்டு மணி வாக்கில் நன்றாக இருக்கும். வேகமும் குறைவு, நொடிக்கு 35 கிலோமீட்டர், கண்ணால் பின்தொடர முடியும். இதற்குத் தாய் வால்நட்சத்திரம்கூட இல்லை. ஃபேத்தான் என்ற பாறை, 1983இல் கண்டுபிடித்தார்கள். புதனைவிடச் சூரியனுக்கு நெருக்கமாகப் போய்விட்டு வருகிறது. ஒரு பாறை இவ்வளவு தூசியை எப்படிக் கொட்டியது என்று விஞ்ஞானிகள் இன்னும் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

பால்கனி வேண்டாம். கூரை மறைக்காத இடமாகப் பார்த்து, பாய் விரித்து மல்லாந்து படு. நன்றாகப் போர்த்திக்கொள். இருட்டுக்குக் கண் பழக அரை மணி நேரம் ஆகும், மொபைலை ஒருமுறை பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. நிலா எப்போது மறைகிறது என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துவை.

அப்புறம், எத்தனை என்று எண்ணி வை. மெதுவாக, சீராக ஊர்ந்து போவது செயற்கைக்கோள், அதைக் கணக்கில் சேர்க்காதே. போன தடவை உன் அம்மா அப்படித்தான் என்னைவிட நான்கு அதிகம் காட்டினாள்.

அப்பா