வாயைக் கட்டச் சொல்பவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உடல் எடை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை எங்கள் வீட்டில் மைனிதான் முதலில் படித்தார்கள். "வாயைக் கட்டினால் வயிறு தானாகக் குறையும்" என்ற வரி வந்ததும் பத்திரிகையை மூடி வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் அப்பளத்துக்கு மாவு பிசையப் போய்விட்டார்கள்.

மைனி வாயைக் கட்டியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். சொதி வைத்த கல்யாண வீட்டில்கூட மோரை மட்டும் குடித்துவிட்டு எழுந்தவர்கள். 78 கிலோ இருந்தவர்கள் ஆறு மாதத்தில் 69க்கு வந்தார்கள். அப்புறம் ஆரம்பித்தது ஒரு பசி. ராத்திரி ரெண்டு மணிக்கு அடுக்களையில் விளக்கு எரியும், போய்ப் பார்த்தால் நின்றுகொண்டே பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், என்னைப் பார்த்ததும் கண் கலங்கிவிடும். அடுத்த வருஷமே 77. காட்டப் போன இடத்தில் டாக்டர் "நாக்கு நீளம்" என்றார்.

கட்டுரை வயிற்றோடு நின்றுவிட்டது. பசிக்குக் கணக்குப்பிள்ளை வயிறு இல்லை, மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ். உடம்பில் எவ்வளவு கொழுப்பு இருப்பு என்று அதற்குச் சொல்வது கொழுப்புச் செல்களே சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன். 1994-ல் அமெரிக்காவில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு அதைக் கண்டுபிடித்தது. எடை குறைந்தால் லெப்டினும் குறையும். நாம் வேண்டுமென்றே பட்டினி கிடக்கிறோம் என்று மூளைக்குத் தெரியுமா என்ன, பஞ்சம் வந்துவிட்டது என்று நினைத்துப் பசியைக் கூட்டுகிறது, உடம்பு செலவழிக்கும் சக்தியையும் சுருக்குகிறது. வயிற்றிலிருந்து வரும் கிரெலின் என்ற ஹார்மோன் வேறு பசியைத் தூண்டும். எடை குறைத்தவர்களை ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்து 2011-ல் வெளியிட்டார்கள்: ஒரு வருஷம் கழித்தும் இந்தச் சுரப்புகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை, பசியும் அடங்கவில்லை. மைனியின் ரெண்டு மணிப் பசி அதுதான்.

அப்படியானால் லெப்டினை ஊசியாகப் போட்டால் போதாதா என்று எனக்கும் தோன்றியது. பிறவியிலேயே லெப்டின் சுரக்காத ஒரு சில குழந்தைகளுக்கு அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் பருமனான பெரும்பாலானோருக்கு லெப்டின் ஏற்கெனவே அதிகம்தான், மூளைதான் காதில் வாங்குவதில்லை. எடை குறைக்க என்று இப்போது எல்லோரும் பேசும் செமாகுளுடைட் ஊசி வேறு வகை, அது மூளையில் போய்ப் பசியை அடக்குகிறது. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்குப் போன எடை திரும்பி வருகிறது. ஊசியை நிறுத்திய அன்றைக்கா ஒருத்தருக்கு நாக்கு நீளும்?

சரி, எதை வேண்டுமானாலும் தின்னலாம் என்று நான் சொல்லவில்லை. நெய் வழியும் அல்வா, வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகும் எப்படி உள்ளே போகிறது? பசி இல்லாவிட்டாலும் ருசிக்காகக் கையை நீட்டவைக்கும் டோபமின் என்ற ரசாயனமும் அதே மூளையில்தான் இருக்கிறது. அதை அடக்க முயற்சி வேண்டும்தான். ஆனால் மைனி நின்றுகொண்டு தின்றது அல்வா இல்லை, பழைய சோறு.

இன்னொன்று, இது மைனி எழுதச் சொன்னது. கட்டுரைக்குப் பக்கத்தில் குண்டான பெண் ஒருத்தி முறுக்குத் தட்டோடு உட்கார்ந்திருக்கிற படம் போட்டிருந்தீர்கள். அடுத்த முறை அந்தப் படம் வேண்டாமாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கல்லிடைக்குறிச்சி