மகனிடமும் கேளுங்கள்

ஆசிரியருக்கு,

கல்யாணமாகி ஆறு மாதம் போயும் குழந்தை உண்டாகவில்லை என்றாலே மருமகளுக்குத்தான் மாத்திரை, பத்தியம், ஆலோசனை எல்லாம். மகனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. எங்கள் வீட்டிலும் அதேதான். மருமகள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். மகன் மொட்டைமாடியில் சிகரெட் பிடித்துக்கொண்டிருப்பான்.

விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள் ஆகிறது. புகை அதன் மரபணுவையே சேதப்படுத்துகிறது. 2010-இல் சிட்னி ஆய்வாளர்கள் ஆண் எலிகளுக்குக் கொழுப்பு மிகுந்த உணவு கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றுக்குப் பிறந்த பெண் எலிகளுக்கு இன்சுலின் சுரப்பு பாதிக்கப்பட்டிருந்தது. சரி, எலி வேறு, மனிதன் வேறுதான். ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் கணவனையும் உட்காரவைத்து, குழந்தைக்கு முயல்வதற்கு மூன்று மாதம் முன்பே புகையையும் குடியையும் விடச் சொல்ல வேண்டும்.

– ஒரு தாய், மதுரை