'ணா' போட்டவனைக் காதலிக்க வைக்கும் நாவல்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நட்பு காதலாக மாறும் நாவலுக்கு வில்லன் தேவையில்லை, அதனால் புதிதாக எழுத வருபவர்களுக்கு அது சுலபம் என்று ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. வில்லன் தேவையில்லை என்பது சரி. சுலபம் என்பதுதான் இடிக்கிறது. வில்லன் இருந்தால் காதலைத் தள்ளிப்போடும் வேலையை அவன் பார்த்துக்கொள்வான். இங்கே இருவரும் தினமும் பார்க்கிறார்கள், ஒரே டிபன் பாக்ஸில் கை நனைக்கிறார்கள். இத்தனை வருஷம் ஏன் தோன்றவில்லை? இதற்குப் பதில் வைத்துக்கொள்ளாமல் தொடங்கிய கதை பத்தாவது அத்தியாயத்தில் நொண்டும். உடனே கதாநாயகிக்குக் காய்ச்சல் வரும், அல்லது பைக் கவிழும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் காதல் புரிந்துவிடும்.

கொங்குப் பக்கம் நடக்கும் கதையென்றால் கோளாறு இன்னும் முன்னதாக, கூப்பிடும் முறையிலேயே தொடங்கிவிடுகிறது. கோவை, ஈரோடு வட்டாரத்தில் இரண்டு வயது மூத்த பையனைப் பெண்பிள்ளைகள் 'சொல்லுங்ணா' என்றுதான் பேசுவார்கள். முதல் அத்தியாயத்தில் அப்படிப் பேசியவள் இருபதாவதில் அவனையே காதலித்தால் இந்த ஊர் வாசகிக்குத் தொண்டையில் சிக்கும். இருவரையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்து, வாடா போடி என்று பேசவிடுவது நல்லது. இன்னொன்று கூட்டம், அதாவது சாதிக்குள் உள்ள குலப்பிரிவு. கவுண்டர் குடும்பங்களில் ஒரே கூட்டத்தார் பங்காளிகள், அண்ணன் தங்கை முறை. இருவரும் ஒரே கூட்டமென்றால் அந்தக் கதையின் சிக்கல் கூச்சமல்ல, முறை தவறிய உறவு. மாமன் மகளாக வைத்தாலோ, சின்ன வயதிலிருந்தே ஊர் கிண்டல் செய்திருக்கும். 'எங்களுக்குள் நட்பு மட்டும்தான்' என்பது எடுபடாது. சாதி வேறாக இருந்தால் தயக்கத்துக்குப் பெயர் பயம். 2016 மார்ச்சில் உடுமலை பேருந்து நிலையத்தருகே சாதி மாறி மணந்ததற்காகப் பட்டப்பகலில் நடந்த கொலைக்குப் பிறகும், கடைசி இரண்டு பக்கத்தில் அப்பா மனம் மாறித் தலையாட்டுகிறார் என்று எழுதுவது சோம்பேறித்தனம்.

பிரிவைக் காரணமாக வைப்பதாக இருந்தால் மண்ணிலிருந்தே எடுக்கலாம். 2011 ஜனவரியில் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. பட்டறை வேலையை நம்பியிருந்த ஒரு குடும்பம் வெளியூர் போகிறது. 12 வயதில் பிரிந்த பிள்ளைகள் 24 வயதில் மீண்டும் சந்திக்கிறார்கள். அமெரிக்க மாப்பிள்ளையை இறக்குமதி செய்வதைவிட இது எவ்வளவோ தேவலை.

அளவையும் சொல்லிவிடுகிறேன். 60,000 சொல் நாவல், அத்தியாயத்துக்கு 2,000 வீதம் 30 அத்தியாயம். முதல் ஐந்தில் நட்பு மட்டும்; அவள் கண்ணை வர்ணிக்கவே கூடாது. ஏழு, எட்டில் முதல் உறுத்தல். பதினைந்தில் ஒருவருக்குத் தெரிகிறது, இருபதுக்கு மேல் மற்றவருக்கு. இருவர் மனதையும் மாற்றி மாற்றித் திறந்து காட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அப்படிச் செய்தால் பத்தாவதிலேயே வாசகருக்கு எல்லாம் தெரிந்துவிடும். மிச்ச இருபதும் 'சொல்லித் தொலையேன்' என்ற எரிச்சலில் போகும். ஒருவர் மனதையாவது பாதிவரை மூடி வைக்க வேண்டும்.

நண்பர்களுக்குள் தெரியாத சங்கதி இருக்காது என்பதால், பழகிய முகத்தைப் புதிதாகப் பார்க்க ஓர் இடம் வேண்டும். மழையும் குடையும் வேண்டாம். அவள் பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர், அவன் சாயப்பட்டறை லேபில் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். நாளை ஷிப்மென்ட். புது லாட் துணி, அதாவது ஒரே தடவையில் சாயமேற்றிய தொகுதி, ட்யூப் லைட்டில் சாம்பிளோடு அச்சாக ஒத்துப்போகிறது. அவன் இரண்டு துண்டையும் எடுத்துக்கொண்டு வாசல் வெயிலுக்குப் போகிறான். அங்கே புதுத் துணி லேசாகச் சிவப்படிக்கிறது. ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் சாயம் இன்னொன்றில் பிரிந்து நிற்பது தொழிலில் உள்ளவர்களுக்கு அன்றாடத் தலைவலி. முதலாளி முறைக்கிறார். எதற்கும் சிரித்தே பழகியவன் சிரிக்காமல், "இந்த லாட் போகாதுங்க" என்கிறான். அவ்வளவு போதும். 'அவள் நெஞ்சுக்குள் ஏதோ நழுவியது' என்று அடுத்த வரி எழுதாதீர்கள்.

டவுன் பஸ் காட்சி வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவளுக்கும் சேர்த்து அவன் காசு கொடுத்து டிக்கெட் எடுப்பது பழைய கதை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். இன்றைய கதையில் அவள் அவனைப் பார்த்துச் சிரிக்கத்தான் வாய்ப்பு.

மாற்றத்தைக் காட்ட இந்தப் பக்கத்தில் கைவசம் இருக்கும் கருவி 'ங்க'. ஐந்தாவது அத்தியாயத்தில், ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைத் தம்பதியைப் போல நடித்து, "சாப்டாச்சுங்களா?" என்று அவள் அவனைக் கேலி செய்யட்டும். இருபத்திரண்டில், லாட் திருப்பி அனுப்பப்பட்ட ராத்திரி, போனில் அதே கேள்வி. இந்த முறை அவன் சிரிக்கவில்லை, அவளும் சிரிக்கவில்லை. காதல் என்ற சொல்லே அந்தப் பக்கத்தில் வேண்டாம்.

ஆனால் பல நாவல்களில் தாலி ஏறியதும் அவள் மட்டும் 'ங்க'வுக்குப் போய்விடுகிறாள், அவன் 'டி'யிலேயே நிற்கிறான். முப்பது அத்தியாயம் கட்டிய நட்பை ஒரே எழுத்தில் தொலைக்கிற வேலை இது. ஒறம்பரை (விருந்தாளிகள்) வந்திருக்கும்போது 'ஏனுங்க' என்று கூப்பிட்டுவிட்டு, அவர்கள் செருப்பு மாட்டிப் படியிறங்கியதும் 'டேய்' என்று அவள் திரும்பட்டுமே.

இப்படிக்கு,
நாவல்களுக்கு மெய்ப்புப் பார்ப்பவர்,
கோபிசெட்டிபாளையம்.