மூளியலங்காரி என்ன சொன்னாள், சித்தி?

டொரன்டோ
பிப்ரவரி 11

அன்புள்ள சித்திக்கு,

நீங்கள் கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் பத்திரமாக வந்து சேர்ந்தது. ஜாடிக்கு மேல் துணி, துணிக்கு மேல் பிளாஸ்டிக் பை, அதற்கு மேல் பழைய பேப்பர், அப்புறம் சணல் கயிறு. விமான நிலையத்தில் அதைப் பிரித்துப் பார்க்கவே பயந்திருப்பார்கள்.

பனியைப் பற்றிப் போன கடிதத்திலேயே புலம்பிவிட்டேன். இன்னும் கொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ‘லீவு நாளெல்லாம் தனியா என்னதான் பண்ணுறே?’ என்று கேட்டிருந்தீர்களே, அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சனிக்கிழமைகளில் நூலகத்துக்குப் போகிறேன், சித்தி. இந்த ஊர் பொது நூலகத்துக்கு 100 கிளைகள். உறுப்பினர் அட்டைக்குக் காசு கிடையாது. தமிழ்ப் புத்தகங்களும் சில கிளைகளில் உண்டு. காலேஜ் தெருவில் உள்ள கிளையின் வாசலில் சிறகு முளைத்த சிங்கம் ஒன்றும், கழுகுத் தலையோடு சிங்க உடம்பு கொண்ட மிருகம் ஒன்றும் வெண்கலத்தில் உட்கார்ந்திருக்கின்றன. முதல்முறை பார்த்தபோது நம் கோயில் தூணிலிருந்து யாளி இறங்கி வந்து குளிரில் விறைத்துவிட்டதோ என்று தோன்றியது.

அந்தக் கிளையில் மாயக்கதை, அறிவியல் புனைகதைகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. ஜூடித் மெரில் என்ற எழுத்தாளர் அமெரிக்கா பிடிக்காமல் இங்கே குடிவந்தவர். 1970-இல் தன் புத்தகங்களையெல்லாம் தூக்கிக் கொடுத்து அதைத் தொடங்கி வைத்தார். ஒன்றையும் வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது, அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும். நம் ஆச்சி பைண்டு பண்ணிப் பீரோவில் பூட்டி வைத்திருந்த பொன்னியின் செல்வன் மாதிரி.

எங்கள் வாசகர் கூட்டம் நடப்பது அங்கே இல்லை, என் வீட்டுப் பக்கத்துக் கிளையில். மாதம் ஒருமுறை எட்டுப் பத்துப் பேர் கூடுவோம். முதல் நாள் ஒவ்வொருவரும் பிடித்த நாவலைச் சொல்ல வேண்டும் என்றார்கள். பொன்னியின் செல்வன், ஐந்து பாகம் என்றேன். ஒரு பட்டத்து இளவரசன் கொலையாகிறான் என்றதும் எல்லோரும் நிமிர்ந்தார்கள். ‘யார் கொன்றது?’ கல்கி அதைத் தெளிவாகச் சொல்லவில்லை என்றேன். ஐந்து பாகம் எழுதிவிட்டுச் சொல்லவில்லையா என்று ஒரு பெரியவருக்குக் கோபமே வந்துவிட்டது. உடையார்குடிக் கல்வெட்டில் பேர் போட்டிருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன். கல்வெட்டே சொல்லிவிட்டபோது கதாசிரியர் ஏன் மறைத்தார் என்றார் அவர். அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது இங்கே பழைய கதையைத் திருப்பி எழுதும் நாவல்களுக்குத்தான் மவுசு. கிரேக்கக் காவியத்தில் மாலுமிகளைப் பன்றிகளாக்கும் சூனியக்காரி ஒருத்தி வருகிறாள், பேர் சர்சி. அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று அவள் வாயாலேயே சொல்ல வைத்து மேடலின் மில்லர் 2018-இல் ஒரு நாவல் எழுதினார். கூட்டத்தில் பாதிப் பேருக்கு உயிர். எனக்குச் சுமார்தான். எல்லா வில்லியையும் பாவம் என்று ஆக்கிவிட்டால் அப்புறம் கதையில் யார்தான் மிச்சம்?

ஆனால் அதே வருஷம் வந்த இன்னொன்று என்னைத் தூங்கவிடவில்லை. நவோமி நோவிக் எழுதியது. வைக்கோலைப் பொன்னாக நூற்றுத் தரும் குள்ளனின் கதை தெரியும்தானே? பள்ளிக்கூடத்துப் பாடத்தில்கூட வந்த ஞாபகம். ஒரு பெண்ணுக்குக் குள்ளன் உதவுவான், கூலியாக அவள் முதல் பிள்ளையைக் கேட்பான், அவள் அவன் பேரைக் கண்டுபிடித்துத் தப்பிப்பாள். நோவிக்கின் கதாநாயகி வட்டிக்கடைக்காரர் வீட்டு யூதப் பெண். எடுத்த எடுப்பிலேயே அவள் சொல்லிவிடுகிறாள்: அது கடனைத் திருப்பித் தராமல் நழுவுவதைப் பற்றிய கதை என்று. கடனை வசூலிக்கக் கூச்சப்படும் அப்பா, ஊரெல்லாம் பாக்கி, வீட்டில் பட்டினி, வெளியே பனி. ஒருநாள் அவளே கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கிளம்புகிறாள். முதலில் வெள்ளியை அவள் பொன்னாக்குவதும் மந்திரத்தால் அல்ல. வாங்கி, ஆசாரியிடம் கொடுத்து நகை செய்து, விற்று, லாபம் பார்த்து! படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது, சித்தி. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

போன மாதம் சண்டை. ஒரு கல்லூரிப் பெண், குஜராத்திக் குடும்பம், இங்கேயே பிறந்தவள். வைஷ்ணவி படேல் 2022-இல் எழுதிய ‘கைகேயி’ நாவலைத் தேர்ந்தெடுத்திருந்தாள். கைகேயியே தன் கதையைச் சொல்கிறாள். எனக்குப் பிடிக்கவில்லை. கைகேயியை உயர்த்த ராமனைக் குட்டையாக்க வேண்டுமா என்று கேட்டேன். எங்கள் ஊரில் இதைக் கம்பர் எப்போதோ செய்துவிட்டார், ‘தூய சிந்தையும் திரிந்தது’ என்று அவள் மனசைத் தூயது என்றே சொல்லி, பழியைத் தேவர்களின் மாயை மேல் போட்டார், யாரையும் குறைக்கவில்லை என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அந்தப் பெண் அமைதியாகக் கேட்டாள்: ‘உங்கள் கம்பர் அவளைத் தேவர்கள் ஆட்டிய பொம்மையாக்கிவிட்டார். இந்த நாவலில் அவளே யோசித்து முடிவெடுக்கிறாள். எது அவளுக்கு மரியாதை?’

சித்தி, எனக்குப் பதில் வரவில்லை. பஸ்ஸில் வரும்போதும் யோசித்தேன், இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டு இரண்டு ஸ்டாப் பனியில் நடந்து வந்தேன். இன்னும் அந்த நாவல் எனக்குப் பிடிக்கவில்லைதான். ஆனால் அவள் கேட்டது சரியான கேள்வி.

அன்று ராத்திரிதான் உங்கள் நல்லதங்காள் ஞாபகம் வந்தது. வத்திராயிருப்பில் கரண்டு போன ராத்திரிகளில் திண்ணையில் சொல்வீர்களே. அவள் பிள்ளைகளோடு விழுந்த கிணறு இருப்பதாகச் சொல்லும் அர்ச்சுனாபுரம் கூப்பிடு தூரம் என்பதால் எங்களுக்கு இன்னும் பயம். பஞ்சம் பிழைக்க ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள், அண்ணி மூளியலங்காரி கதவைச் சாத்துகிறாள், சமைக்கப் பச்சை விறகைக் கொடுக்கிறாள். எல்லோரும் அந்த இடத்தில் அண்ணியைச் சபிப்பார்கள். நீங்கள் மட்டும் நிறுத்துவீர்கள். ‘பஞ்சத்துல எட்டு வயிறு வந்து நின்னா, பானையில எத்தனை படி இருக்குன்னு எண்ணிப் பாக்குறது அடுப்படியில நிக்கிறவதானே?’ பிறகு மூளியலங்காரி தானியத்தை எண்ணுவாள், தனக்குத்தானே ஏதோ பேசிக்கொண்டே. எண்ணி முடித்ததும் ‘என்ன இருந்தாலும் பச்சை விறகக் கொடுத்திருக்கக் கூடாது’ என்று சொல்லி, கதையை மேலே நடத்துவீர்கள். அவளை நல்லவளாக்கவும் இல்லை, மாயை என்று தப்பவிடவும் இல்லை. நோவிக்கின் பெண் கணக்கு நோட்டைத் திறந்த இடத்தில் எனக்குக் கேட்டது அந்தப் படிக்கணக்குதான்.

அடுத்த மாதம் பேச என் முறை. நல்லதங்காளைச் சொல்கிறேன் என்று பேர் கொடுத்துவிட்டேன். ஆனால் எண்ணும்போது அவள் பேசிக்கொள்வாளே, அது எனக்கு மறந்துபோச்சு. முதல் படிக்கு ஒன்று, இரண்டாம் படிக்கு ஒன்று என்று ராகமாக வரும். போனில் வேண்டாம், உங்களுக்கும் காது கேட்கவில்லை, எனக்கும் பாதி புரியாது. ஒரு தாளில் எழுதி, தபாலில் போடுங்கள். இன்றைக்கே போட்டால்தான் நேரத்துக்கு வந்து சேரும்.

சித்தப்பாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள்
மூத்தவள்