சாவியை ஒப்படைக்கும் அரை மணி நேரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறைக்கு எங்கே போகலாம், எதையெல்லாம் எடுத்துச் செல்லலாம் என்று ஆண்டுதோறும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். ஆனால், இரண்டு மாதம் வாடகைக்கு எடுத்துத் தங்கிய வீட்டைக் காலி செய்து விடைபெறும் நாளைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. இந்தக் கோடையில் குடும்பத்தோடு வேறோர் ஊரில் அப்படித் தங்கிவிட்டுத் திரும்பியவன் என்ற முறையில், அந்த ஒரு நாளைக் குறித்தே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

340-ஆம் குறளில் 'துச்சில்' என்றொரு சொல் வருகிறது. நிலையாக இல்லாமல் ஒதுங்கித் தங்கும் இடம் என்பது அதன் பொருள். உயிர் உடம்பில் குடியிருப்பதைச் சொல்ல வள்ளுவர் ஆண்ட சொல் அது. எங்களுக்கோ சுவரும் கூரையுமாக நேர்ப்பொருளிலேயே வாய்த்தது. துச்சில் என்று தெரிந்துதான் குடிபுகுந்தோம். ஆனால், அது கைகால்களுக்குத் தெரியவில்லை. இரண்டாவது வாரத்திலேயே கை, இருட்டில் சுவரைத் தடவாமல் சுவிட்சைப் போடத் தொடங்கிவிட்டது. மாடிப்படியில் மற்றவற்றைவிட அரை விரல்கடை உயரமான மூன்றாவது படிக்குக் கால் தானாகவே சற்று உயர்ந்தது. வீடு திரும்பிப் பல நாட்களாகியும் என் கை சுவரின் தவறான பக்கத்தில்தான் சுவிட்சைத் தேடுகிறது.

அந்த வீட்டில் நாங்கள் நுழைந்த முதல் நாளை நினைத்தால்தான் கடைசி நாளின் அருமை புரிகிறது. குளியலறையில் நிற்க முடியாத நாற்றம். எலி செத்துக் கிடக்கிறதோ என்று பரணெல்லாம் தேடினோம். பிறகு பார்த்த குழாய்க்காரர், தண்ணீர் வெளியேறும் துளைக்குக் கீழே இருக்கும் ட்ராப்பில் எப்போதும் கொஞ்சம் நீர் தேங்கி நின்று கழிவுநீர்க் குழாயின் வாடையைத் தடுக்கிறது என்றும், வீடு பூட்டியே கிடந்ததால் அந்த நீர் வற்றிவிட்டது என்றும் சொல்லி, இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றினார். நாற்றம் அடங்கியது. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் கதவின் ரப்பர் பட்டை முழுவதும் கரும்பூஞ்சை. மின்சாரத்தை நிறுத்திய கையோடு ஈரம் காயாமல் கதவை இறுக மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். இவை எதுவும் எங்களுக்கு முன் இருந்தவர்கள் கெடுதல் நினைத்துச் செய்தவை அல்ல. வண்டி வாசலில் நிற்க, பிள்ளைகள் ஒருபுறம் அவசரப்படுத்த, பெட்டியைக் கட்டுவதோடு கடமை முடிந்தது என்று கிளம்புவதன் விளைவுதான்.

ஆகவே, நாங்கள் கிளம்புவதற்கு முந்தைய நாளை முழுவதுமாக வீட்டுக்கென்றே ஒதுக்கினோம். குளிர்சாதனப் பெட்டியைத் துடைத்துக் காயவைத்து, கதவு மூடிக்கொள்ளாதபடி மடித்த துணியொன்றை இடையில் வைத்தோம். சுவர்க் கடிகாரத்திலும் ரிமோட்டுகளிலும் இருந்த பேட்டரிகளை, கசிந்து பாழாக்கிவிடாதபடி கழற்றினோம். மாடியிலிருந்த வாளிகளைக் கவிழ்ப்பதற்கு முன் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவினோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டைகள் ஈரமில்லாமலே பல மாதங்கள் ஒட்டிக்கொண்டிருந்து, மீண்டும் தண்ணீர் பட்டதும் பொரிக்கக்கூடியவை என்பதால், வெறுமனே கவிழ்ப்பது போதாது. கடைசியாகத் தண்ணீர் வெளியேறும் ஒவ்வொரு துளையிலும் ஒரு குவளைத் தண்ணீரும், அது சீக்கிரம் ஆவியாகாமலிருக்கச் சில துளி எண்ணெயும் விட்டோம். வேலைதான்; ஆனால், ஓர் அறையை முடித்து அதன் கதவைச் சாத்தும்போது அந்த அறையிடம் சொல்லிக்கொண்டு வருவது போலவும் இருந்தது.

இவ்வளவு செய்தும் முறையாக விடைபெற முடியவில்லை என்பதுதான் என் வருத்தம். காலை ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்ன வீட்டு உரிமையாளர் வரவில்லை. சாவியை வாசலில் இருக்கும் தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டுக் கிளம்பும்படி தொலைபேசியில் சொன்னார்; போட்டோம். பத்து நாள் கழித்து, உணவு மேசையில் இருந்த ஒரு வட்டக் கறையின் படம் வந்தது. முன்பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டிருப்பதாகவும் தகவல் வந்தது. அந்தக் கறை நாங்கள் போன அன்றே அங்கே இருந்தது. அதைச் சொல்லத்தான் முடிந்ததே தவிர, காட்ட எங்களிடம் படம் எதுவும் இல்லை. தொகை பெரிதல்ல. இரண்டு மாதம் பேணிய வீட்டைப் பாழாக்கிவிட்டுப் போனவர்கள் என்று பெயர் வாங்கியதுதான் உறுத்துகிறது.

குறுகிய கால வாடகைக்கு வீடு விடுவோரிடம் நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. நுழையும் நாளிலும் காலி செய்யும் நாளிலும் இரு தரப்பும் சேர்ந்து ஓர் அரை மணி நேரம் வீட்டைச் சுற்றி வர வேண்டும்; மின்சார மீட்டரின் அளவையும், சுவர், மேசை, கட்டில் ஆகியவற்றின் நிலையையும் அங்கேயே படமெடுத்து இருவரும் வைத்துக்கொள்ள வேண்டும். வெளியூரில் இருக்கும் உரிமையாளர் தம் சார்பில் ஒருவரை அனுப்பலாம். வாடகை ஒப்பந்தத்தில் இதற்கென ஒரு வரி சேர்த்தால் போதும். வாடகைக்குப் போகிறவர்களும் முதல் நாளே கேட்டுப் பெறலாம். நாங்கள் கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டோம், அது எங்கள் பிழை.

அந்த வீட்டின் அலமாரித் தட்டில் விரித்திருந்த பழைய செய்தித்தாளின் ஓரத்தில், எங்களுக்கு முன்பு எப்போதோ தங்கிய ஒருவர் பென்சிலால் எழுதி வைத்திருந்தார்: "மாடிக் குழாயை முழுச் சுற்றுத் திருப்பாதீர்கள், பிடி கழன்றுவிடும்; முக்கால் சுற்றுப் போதும்." அந்த ஒரு வரி இரண்டு மாதமும் எங்களுக்கு உதவியது. கிளம்பும் நாளில் அதற்குக் கீழே, மூன்றாவது படியைப் பற்றியும் மேசைக் கறையைப் பற்றியும் ஆளுக்கொரு வரி எழுதிவிட்டு வந்தோம். விரித்திருந்தது தங்கள் நாளிதழின் தாள்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர்கள் வருவதற்குள் அதை யாரும் மாற்றிவிடாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்