கானாவின் பட்டாலியன்: செல்வத்துக்கு ஒரு கடிதம்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த சேதி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தாயும் சேயும் நலம்தானே?

வகுப்பில் ஒரு மாணவி, "மூன்று கோடிச் சொச்சம் ஜனங்கள் உள்ள கானாவின் பெயர் ஐ.நா. அமைதிப்படை என்றாலே ஏன் முன்னால் வருகிறது?" என்று கேட்டாள் என எழுதியிருந்தாய். பணத்துக்காகப் போகிறார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. பணக் கணக்கைப் பிறகு சொல்கிறேன். முதலில் காங்கோவுக்கு வா. மற்றதெல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

1957 மார்ச் 6 அன்று சுதந்திரம் பெற்ற கானா, 1960 ஜூலையிலேயே காங்கோவுக்குப் படை அனுப்பியது. கானா அதிபர் என்க்ருமா காங்கோ பிரதமர் லுமும்பாவின் பக்கம். ஆனால் அவர் அனுப்பிய சிப்பாய்கள் ஐ.நா.வின் கட்டளையில் இருந்தார்கள். செப்டம்பர் 5ஆம் தேதி காங்கோ அதிபர் காசவுபு லுமும்பாவைப் பதவிநீக்கம் செய்தார். கலவரம் மூளும் என்று ஐ.நா. தலைநகர் லியோபோல்ட்வில் (இன்றைய கின்ஷாசா) வானொலி நிலையத்தை மூடியது. வாசலில் காவல் நின்றவர்கள் கானா வீரர்கள். 11ஆம் தேதி லுமும்பா பேச வந்தபோது உள்ளே விடாமல் மறித்தவர்களும் அவர்களே. காசவுபுவுக்கோ ஆற்றுக்கு அக்கரையில் பிராசவில் வானொலி திறந்திருந்தது. அதனால் இருவருக்கும் பொதுவான தடை ஒருவரை மட்டுமே கட்டிப்போட்டது. லுமும்பா கொதித்துப்போய் என்க்ருமாவுக்குக் கடிதம் எழுதினார். நம் நாட்டு ராஜேஷ்வர் தயாள் ஐ.நா. பிரதிநிதியாகப் பொறுப்பேற்றதும் அதே வாரம்தான். அவருடைய பங்கையும் உன் மாணவர்களுக்குச் சொல்.

அடுத்த ஏப்ரலில் போர்ட் பிராங்க்கி ஊரில் 40க்கும் மேற்பட்ட கானா வீரர்கள் கொல்லப்பட்டார்கள். சிறு சிறு குழுக்களாக ஊரெங்கும் பிரிந்து தங்கியிருந்தார்கள். உதவிப் படையோ தொலைவில். சிறிய படையைச் சிதறவிட்டால் என்ன ஆகும் என்பதை கானா இப்படிப் பெரிய விலை கொடுத்துக் கற்றது.

இனப்படுகொலை நடந்த ருவாண்டாவைத்தான் நீ நின்று விளக்க வேண்டும். 1994 ஏப்ரல் 7 அன்று அங்கிருந்த ஐ.நா. படையின் பெல்ஜிய வீரர்கள் 10 பேர் கொல்லப்பட, பெல்ஜியம் தன் படையைத் திரும்ப அழைத்துக்கொண்டது. ஏப்ரல் 21இல் பாதுகாப்பு அவை 912ஆம் தீர்மானத்தில், சுமார் 2,500 பேர் இருந்த படையை 270 ஆகக் குறைக்கச் சொன்னது. துணைத் தளபதி கானாவின் ஹென்றி அன்யிடோஹோ, போகக் கூடாது என்று நின்றார். தலைநகர் அக்ராவில் கானா அரசும் அவர் பேச்சை ஏற்றது. கடைசியில் தங்கிய சுமார் 450 பேரில் பெரும்பாலோர் கானாக்காரர்கள். கிகாலியின் அமஹோரோ விளையாட்டரங்கில் தஞ்சம் புகுந்த ஆயிரக்கணக்கானோருக்கு அவர்கள் காவல் நின்றார்கள். கையில் இருந்ததோ சொற்பம். 22 கவச வண்டி கேட்ட இடத்தில் 8 வந்தன. அவற்றிலும் ஓடும் நிலையில் இருந்தவை 5. உதிரிபாகமும் இல்லை, பழுது பார்க்க ஆளும் இல்லை. அந்த வண்டிகளை நம்பி நகரின் மறுபக்கம் போய் மக்களை மீட்டுவர முடியாது. எத்தனை பேரை இன்னும் காப்பாற்றியிருக்கலாம் என்று நினைத்தால் இன்றும் நெஞ்சு பொறுக்கவில்லை.

வண்டிக் கதைதான் பணக் கதையும். ஒரு நாடு பட்டாலியன் அனுப்பினால் ஐ.நா.வுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் போடும். ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று திருப்பிக் கொடுப்பார்கள். நீண்ட காலம் 1,028 டாலராகக் கிடந்த தொகை 2014இல் 1,332 ஆகி, 2022இல் 1,448 ஆனது. 850 பேர் கொண்ட ஒரு பட்டாலியனுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1 கோடியே 48 லட்சம் டாலர். தளவாடத்துக்குத் தனி வாடகை. 'வெட் லீஸ்' என்றால் வண்டியும் நம்முடையது, பராமரிப்பும் உதிரிபாகமும் நம் பொறுப்பு. 'டிரை லீஸ்' என்றால் பராமரிப்பை ஐ.நா. பார்த்துக்கொள்ளும், வாடகை குறையும். உணவுப் பொருளும் எரிபொருளும் ஐ.நா. தரும், சமையற்கட்டு, கூடாரம், மருத்துவம் பட்டாலியனுடையது.

சிக்கல் வருவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் சோதனையில். ஆய்வாளர் வண்டி வண்டியாகப் பார்ப்பார். ஒப்பந்தப்படி 10 கவச வண்டி என்றால் 9 ஓட வேண்டும். 90 சதவீதத்துக்குக் கீழே போனால் வாடகையில் வெட்டு. அடுத்தடுத்த இரண்டு சோதனையிலும் குறை தொடர்ந்தால் ஆள் தொகையிலும் கை வைப்பார்கள். இத்தனைக்கும் ஐ.நா. தர வேண்டிய பணம் நேரத்துக்கு வருவதில்லை, ஏனென்றால் பெரிய நாடுகளே தங்கள் சந்தாவைத் தாமதிக்கின்றன. அதுவரை அக்ராவின் கஜானாதான் கைக்காசு போட வேண்டும். பணம் தாமதமானால் உதிரிபாகம் வராது. உதிரிபாகம் இல்லாவிட்டால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் வர வேண்டிய பணமும் வெட்டுப்படும். இந்தச் சுழலை எடுத்துச் சொல். லாபத்துக்குப் போகிறார்கள் என்ற பேச்சு எங்கே ஓட்டை விழுகிறது என்று அவளுக்கே புரியும்.

ராஜதந்திரத்துக்கு 2003ஐ எடுத்துக்கொள். லைபீரிய உள்நாட்டுப் போரை நிறுத்தும் பேச்சுவார்த்தை ஜூன் 4 அன்று அக்ராவில் தொடங்கியது. அன்றே லைபீரிய அதிபர் சார்லஸ் டெய்லர் மீது சியரா லியோன் சிறப்பு நீதிமன்றத்தின் குற்றப்பத்திரிகை வெளியானது. டெய்லரோ அப்போது அக்ராவில் விருந்தாளி. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான எக்கோவாஸின் தலைமையில் இருந்த கானா அதிபர் குஃபோர் அவரைக் கைது செய்யாமல் ஊருக்கு அனுப்பினார். நீதியைத் தள்ளிப்போட்ட முடிவு அது. எனினும் அன்று பிடித்திருந்தால் லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் இரத்த ஆறு ஓடியிருக்கும் என்ற அச்சம் பொய்யல்ல. நான் குஃபோர் பக்கம்தான் சாய்கிறேன்; நீ மறுப்பாய் என்று தெரியும். ஜூலையில் மன்ரோவியாவில் குண்டு விழுந்துகொண்டிருக்க, அக்ராவில் பிரதிநிதிகள் ஓட்டலில் பதவிகளைப் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். லீமா குபோவீ தலைமையில் லைபீரியப் பெண்கள் மண்டப வாசலில் கைகோத்து உட்கார்ந்து, யாரையும் வெளியே விட மாட்டோம் என்றார்கள். காவலர்கள் கைது செய்ய வந்தபோது அவர் தன் ஆடையைக் களையப் போனார். மூத்த பெண் அப்படிச் செய்தால் பெரும் சாபம் என்பது அந்த மண்ணின் நம்பிக்கை. நடுவராக இருந்த நைஜீரியாவின் அப்துல்சலாமி அபூபக்கர் ஓடிவந்து சமாதானம் பேசினார். ஆகஸ்ட் 18இல் ஒப்பந்தம் கையெழுத்தானது.

அக்ராவின் தெஷி பகுதியில், ஐ.நா. பொதுச் செயலராக இருந்த கானாக்காரர் கோஃபி அன்னான் பெயரில் அமைதிப்படைப் பயிற்சி மையம் ஒன்று இருக்கிறது. ராணுவம், போலீஸ், சிவில் ஆட்கள் மூவரும் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள்.

இப்போது எனக்குள்ள கவலை லெபனான். அங்கே யூனிஃபில் என்ற ஐ.நா. படையின் முதல் தளபதி கானாவின் இம்மானுவேல் எர்ஸ்கின். 1979 முதல் கானா பட்டாலியன் அங்கிருக்கிறது. 2025 ஆகஸ்டில் பாதுகாப்பு அவை அந்தப் பணியை 2026 டிசம்பர் 31உடன் முடிக்கத் தீர்மானித்தது. பிறகு ஓராண்டுக்குள் எல்லோரும் வெளியேற வேண்டும். வண்டிகளைக் கழுவி, கணக்கெடுத்து, கப்பலேற்றி கானாவின் தேமா துறைமுகத்தில் இறக்குவார்கள். தலைமுறை தலைமுறையாக கானா அதிகாரிகள் தொழில் பழகிய களம் கைவிட்டுப் போகிறது. வடக்கே புர்கினா பாசோ எல்லையில் ஆயுதக் குழுக்கள் நெருங்கும் நேரத்தில் அந்த அனுபவம் வீட்டுக்குத் திரும்புகிறது. அதை அக்ரா எங்கே நிறுத்தப் போகிறது என்று கவனித்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்ததும் எழுதுகிறேன்.

அந்த மாணவியிடம் ஐ.நா. வெளியிடும் நாடுவாரிப் படைக் கணக்கைப் பார்க்கச் சொல். அவள் அடுத்து என்ன கேட்டாள் என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
ராகவன்