கல்யாணப் படங்களை யாரைக் கேட்டு அழிக்கிறோம்?

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலோரத்தில் ஸ்டுடியோ நடத்தும் நண்பர்களுக்கும், நம் போட்டோகிராபர் சங்க நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

நாம் எடுத்துக் கொடுக்கிற கல்யாணப் படங்கள் அந்தந்த வீட்டாருடையவை. அவர்களுக்குத் தெரியாமல் அவற்றை அழிப்பதையும், அவர்களைக் கேட்காமல் ஊருக்குக் காட்டுவதையும் நாம் நிறுத்த வேண்டும். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன வருடம் ஒரு அம்மா என் கடைக்கு வந்தார். கடலுக்குப் போன கணவர் திரும்பவில்லை. அஞ்சலி போஸ்டர் அடிக்கவும் வீட்டில் மாட்டவும் ஒரு படம் வேண்டும். ஆதார் படத்தை விட்டால், அந்த மனிதர் வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, கேமராவைப் பார்த்து நின்றது தங்கச்சி மகள் கல்யாண மேடையில்தான். எடுத்த ஸ்டுடியோவில் கேட்டதற்கு, “ஆறு மாசத்துக்கு மேல ஆச்சும்மா, அழிச்சிட்டோம்” என்றார்களாம். ஆல்பத்தைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் பெண்ணும் மாப்பிள்ளையும்தான். சொந்தக்காரர் ஒருவர் போனில் வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படம் ஒன்று கிடைத்தது. பெரிதாக்கினால் கண்ணும் மீசையும் கட்டம் கட்டமாக உடைந்தன. என்னால் முடிந்த அளவு சரிசெய்து பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அவர் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார்.

நம் ஊர்களில் பல பேருக்கு நல்ல படம் என்று இருப்பதே யாரோ ஒருவர் கல்யாணத்தில் எடுத்ததுதான். பிலிம் காலத்தில் ரோலுக்கு 36 படம், ஐந்தாறு ரோலில் கல்யாணமே முடிந்துவிடும். அந்தச் சிக்கனத்திலும் மொய்க் கவரோடு மேடையேறிய ஒருவரையும் விடமாட்டோம். நெகட்டிவைக் கவரில் போட்டு, ஊரும் தேதியும் எழுதி அடுக்கி வைத்தோம். உப்புக்காற்றில் பூஞ்சை பிடித்துப் போனதும் உண்டு. ஆனாலும் பல வருடம் கழித்து ஒருவர் வந்து கேட்டால் தேடிப் பார்க்க ஒன்று இருந்தது.

டிஜிட்டலை நான் குறை சொல்லவில்லை. கீழக்கரையில் நடக்கிற நிக்காஹை துபாயில் இருக்கும் அண்ணன் நேரலையில் பார்க்கிறார். மண்டப வாசலில் கியூஆர் கோடு வைத்தால், அதை ஸ்கேன் பண்ணி செல்ஃபி எடுத்தவருக்கு, அவர் முகம் உள்ள படங்கள் லிங்காக அவர் போனுக்கே போகின்றன. நல்ல வசதிதான். ஆனால் அந்த லிங்க் எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்று வீட்டாரிடம் யார் சொல்கிறோம்?

ஏன் அழிக்கிறோம் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டு மூன்று கேமராவில் 4கே வீடியோ எடுத்தால் ஒரு கல்யாணமே பல நூறு ஜிபி ஆகிவிடுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. ஆண்கள் கரையில் இருக்கிற அந்த நாட்களில் முகூர்த்தம் முகூர்த்தமாக ஓடுகிறோம். நேற்றைய மெமரி கார்டை ஃபார்மட் பண்ணித்தான் இன்றைக்குக் கொண்டுபோகிறோம். ரேட்டோ அடிமாட்டு ரேட். ஹார்ட் டிஸ்க் வாங்க யார் காசு தருவார்கள்? சரி, நியாயமான கேள்வி. அதை புக்கிங் அன்றைக்கே வீட்டாரிடம் கேளுங்கள் என்கிறேன். மேடை அலங்காரத்துக்குக் கொடுப்பவர்கள் இதற்கும் கொடுப்பார்கள்.

அப்புறம், 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவை ஒருமுறை படித்துப் பாருங்கள். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். நாம் பாட்டுக்கு மணப்பெண் முகத்தை ரீல்ஸில் ஓட விடுகிறோம். பெரியபட்டினம், கீழக்கரைப் பக்கம் பெண்கள் பகுதிக்குப் பெண் போட்டோகிராபர்தான் வேண்டும் என்று கேட்கும் வீடுகள் உண்டு. அவ்வளவு நம்பி உள்ளே விட்ட வீட்டுப் படம் ஊரார் போனில் சுற்றினால், அந்தப் பெண்ணின் வாப்பாவுக்கு நாம் என்ன பதில் சொல்வோம்?

சங்கம் ஒரு பொதுவான புக்கிங் படிவம் அச்சடிக்க வேண்டும். ஒரிஜினல் படங்களை இரண்டு வருடமாவது வைத்திருப்போம், அழிப்பதற்கு முன் போன் பண்ணிச் சொல்வோம் என்று அதில் இருக்கட்டும். ஹார்ட் டிஸ்க் இரண்டு, ஒன்று வீட்டாரிடம், ஒன்று நம்மிடம், செலவு அவர்களுடையது. நம் காற்றில் ஒரே டிஸ்க்கை நம்பி இருக்கவே கூடாது. வெளியே போடலாமா கூடாதா என்று டிக் அடிக்க ஒரு கட்டம், அதற்குக் கீழே பெண்ணின் கையெழுத்து. நிற்க வைக்காமல் இயல்பாக எடுக்கிற கேண்டிட் படம் எத்தனை வேண்டுமானாலும் எடுங்கள். மேடையேறிய எல்லோரையும் நேராக நிற்க வைத்து ஒரு படம் எடுத்து, பிரிண்டாகவும் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த தடைக்காலத்துக்கு முன் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசி முடிவெடுங்கள். என் பில் புத்தகத்தில் இந்த வரிகளை ஏற்கெனவே அச்சடித்துவிட்டேன். மாதிரி வேண்டுமென்றால் கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்திலிருந்து ஒரு போட்டோகிராபர்